இரட்டைக் கோடு

ஜன்னல் ஓரம் விட்டுக் கொடுத்தீர்களே, புண்ணியமாய்ப் போகும் சார். பிள்ளைக்குக் கொஞ்சம் காற்று வந்தால் போதும், ஊர் போய்ச் சேரும்வரை மூச்சுக் காட்டமாட்டான். என் மகள் பிள்ளை. பதினோராம் மாதம் நடக்கிறது. காது குத்தப் போகிறோம், எங்கள் சாஸ்தா கோயிலுக்கு. மருமகனும் என் அக்காளும் பொங்கல் பானை, அரிசி, பாத்திரம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு காலையிலேயே வேனில் போய்விட்டார்கள். வேனில் இடமில்லை. நாங்கள் பஸ்ஸில்.

நீங்கள் பேப்பர் திருத்துங்கள். நான் குறுக்கே வரவில்லை.

அது உருளைக்கிழங்கு ஆஸ்மாஸ்கோப்தானே? பார்த்ததும் தெரிந்துவிட்டது. அப்படியானால் உயிரியல் வாத்தியார் நீங்கள். சந்தோஷம் சார். நான் படிக்காதவன். எட்டாம் வகுப்போடு நின்றவன். கடையநல்லூரில் மாவு மில் வைத்திருக்கிறேன். ஆனால் பிளஸ் ஒன், பிளஸ் டூ உயிரியல் இரண்டும் அட்டை முதல் அட்டை வரை எனக்குத் தெரியும். சவ்வூடு பரவல் கேளுங்கள், சொல்லுகிறேன். மெண்டல் கேளுங்கள், சொல்லுகிறேன். எல்லாம் நானாகப் படித்தது.

இந்தப் பையன் குண்டூசி வரையவில்லை, கவனித்தீர்களா? உருளைக்கிழங்கைத் தோல் சீவியாயிற்று, நடுவில் குழி தோண்டியாயிற்று, சர்க்கரைத் தண்ணீர் ஊற்றியாயிற்று, பீக்கரில் நிறுத்தியாயிற்று. குண்டூசி எங்கே? முதலில் தண்ணீர் எந்த மட்டத்தில் இருந்தது என்று அந்தக் குண்டூசிதானே சொல்லும்? அது இல்லாவிட்டால் ஏறியதா இறங்கியதா என்று யாருக்குத் தெரியும்? ஒரு மார்க் குறையுங்கள். இரக்கப்படாதீர்கள் சார். இரக்கப்பட்டால் பிள்ளைகள் படிக்காது. அனுபவத்தில் சொல்லுகிறேன்.

அதோ, டிரைவருக்குப் பின்னால் இரண்டாவது சீட்டில், பச்சைச் சேலை. அவள்தான் என் மகள், உலகம்மை. உயிரியலில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றொன்று. அவள் பள்ளிக்கூடத்தில் அதற்கு முன்னால் யாரும் அந்த மார்க்கைத் தொட்டதில்லை. இந்தப் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறானே, அவன் என் மூத்தவன், சொரிமுத்து. காது கேட்காது, பேச்சும் இல்லை. உட்காரச் சொன்னாலும் உட்காரமாட்டான். தங்கச்சியைப் பார்த்தபடியே நிற்பான்.

என் வருத்தம் என்ன தெரியுமா சார்? அந்த நூற்றுத் தொண்ணூற்றொன்று இருக்கிறதே, அது என்னோடு பேசாது. என்னோடு பேசாவிட்டால் போகிறது. பெற்ற பிள்ளையோடும் பேசமாட்டாள். ஒரு கண்ணே கிடையாது, ஒரு ராசா கிடையாது. எல்லாம் கைதான். கையை இப்படி ஆட்டுவாள், அப்படி மடக்குவாள். பிள்ளையும் அவள் கையையே பார்த்துக்கொண்டு கிடக்கும். என்மேல் உள்ள கோபத்தைப் பச்சைப் பிள்ளைமேல் காட்டலாமா? நீங்களே சொல்லுங்கள். முழுக்கக் கேட்டுவிட்டே சொல்லுங்கள்.

உலகு பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் அவள் அம்மா இறந்துபோனாள். மஞ்சள் காமாலை. மகளைப் படிக்கவைக்க வீட்டில் ஆள் இல்லை. சரி, நாமே உட்காருவோம் என்று உட்கார்ந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மில்லை நிறுத்துவேன். உடம்பில் மாவைத் தட்டிவிட்டு, கைகால் கழுவிவிட்டு, கைடை எடுத்துக்கொண்டு கல்பலகையில் உட்கார்ந்தால் எட்டு மணிவரை கேள்விதான். நான் கேட்பேன், அவள் சொல்லவேண்டும். புத்தகத்தில் இருக்கிறபடியே சொல்லவேண்டும். ஒரு வார்த்தை முன்னே பின்னே வரக்கூடாது.

முதலில் தப்புத் தப்பாகச் சொன்னாள். அரைகடத்து சவ்வு என்றால் என்ன என்று கேட்டால், கரைப்பானை விடும், கரைபொருளை விடாது என்று சொல்வதற்குப் பதில் மாற்றிச் சொல்லுவாள். அடித்துப் பார்த்தேன். அடியை வாங்கிக்கொள்வாள், மறுபடியும் அதே தப்பு. அடிக்கு அஞ்சுகிற பிள்ளை இல்லை. அப்புறம்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன்.

அவளுக்கு அண்ணன் என்றால் உயிர். அம்மா போனபிறகு அவனுக்குச் சோறு போடுவது, சட்டைக்குப் பொத்தான் தைப்பது எல்லாம் அவள்தான். அவன் தேய்த்துவிட்டால்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொள்வாள். ஒருநாள் அவள் தப்பாகச் சொன்னதும் நான் அவளை ஒன்றும் செய்யவில்லை. சொரிமுத்துவைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். என்னமோ வேலை சொல்லப்போகிறேன் என்று வந்தான். தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்க்கிறான், தங்கச்சியைப் பார்க்கிறான்.

உலகு எழுந்துவிட்டாள். "அப்பா, தப்பு விட்டது நானு. அண்ணன எதுக்குக் குட்டுதீங்க?"

"நீ சரியாச் சொல்லு. நான் ஏன் குட்டப்போறேன்?"

அவ்வளவுதான் சார். அந்த மாதத்தில் மொத்தம் பத்துக் குட்டு இருக்கும். அதற்கு மேல் தேவைப்படவில்லை. நான் கேள்வியை முடிக்கும் முன்னே பதில் வந்து விழும். நீங்கள் பயிற்சி எடுத்த வாத்தியார்கள்தான், ஆனால் இந்த உபாயம் உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவனும் பழகிவிட்டான். நான் கைடை எடுத்தாலே பக்கத்தில் வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். நான் மில்லில் இருந்து படி ஏறுவது தெரிந்தால் தங்கச்சியைப் பார்த்துத் தன் தலையில் தானே முட்டியை மடக்கி ஒரு குட்டுக் குட்டிக்கொள்வான். நடை வாசல் மாடத்தில் பிள்ளையார் இருக்கிறார். அவரைக் கும்பிடுகிறான். ஊமையாய் இருந்தாலும் பக்தி உண்டு.

கேட் போட்டுவிட்டார்களா? ரயில் வருகிறது போல. சரி, சாவகாசமாகவே சொல்லுகிறேன்.

அந்த உருளைக்கிழங்குச் சோதனையை அவள் மில் முற்றத்தில்தான் செய்து பழகினாள். முதல் தடவை தோலைச் சீவாமல் வைத்துவிட்டாள், தண்ணீர் ஏறவில்லை. இரண்டாம் தடவை ஏறியது. ஒரு மணி நேரம் நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசந்துபோனேன் சார். வெளியே உள்ள தண்ணீர் உள்ளே வருகிறது. உள்ளே உள்ள சர்க்கரை வெளியே போகமாட்டேன் என்கிறது. நான் சொன்னேன், "உலகு, இதுதான் நம்ம குடும்பம். வாரது வரலாம். நம்ம சர்க்கரை வெளிய போகக்கூடாது."

அதில் என்ன தப்பு? எங்கள் வீட்டில் எல்லாச் சம்பந்தமும் உள்ளுக்குள்ளேதான். நான் என் மாமன் மகளைக் கட்டினேன். என் அக்காள் சிவகாமியை அதே மாமன் மகனுக்குக் கட்டினோம். பெண் கொடுத்துப் பெண் எடுத்தோம். மில்லில் பாதி அத்தான் பங்கு, பாதி என் பங்கு. அக்காளுக்கு ஒரு மகன், குத்தாலிங்கம். ஒரு மகள், செண்பகம். குத்தாலிங்கத்துக்கு உலகு என்பது அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி முடித்தது. ஊருக்கே தெரியும். அவளுக்கும் தெரியும். "அத்தான், அத்தான்" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டுதானே வளர்ந்தாள்.

பிளஸ் டூவில் மரபியல் பாடம் வந்தது. அதில் ஆரம்பித்தது சனி.

ஒருநாள் என் கேள்வியெல்லாம் முடிந்தபிறகு, "அப்பா, இன்னைக்கு நான் உங்களுக்கு ஒரு கேள்வி கேக்கட்டா?" என்றாள். எனக்குச் சிரிப்பு. கேளு என்றேன். நோட்டில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். ஒரு குறை, அது ஒடுங்கு பண்பு. அம்மா அப்பா இரண்டு பேருக்கும் அந்தக் குறை இல்லை. பிறந்த மகனுக்கு இருக்கிறது. அப்படியானால் பெற்றோர் என்ன வகை?

இது ஒரு கேள்வியா? "ரெண்டு பேரும் கலப்பு. வெளிய தெரியாது, உள்ள மறைஞ்சிருக்கு" என்றேன்.

"சரி. அதே குறையை உள்ள மறைச்சு வச்சிருக்கிற ஒரு பையனும் ஒரு பொண்ணும் கட்டிக்கிட்டா?"

கட்டம் போட்டேன். நாலு கட்டம். "நாலில் ஒண்ணு" என்றேன். "சரிதானா?"

"சரிப்பா. நூத்துக்கு நூறு." என் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள். "அந்த மகன் பேரு சொரிமுத்து. அந்தப் பையன் குத்தாலிங்கம் அத்தான். அந்தப் பொண்ணு நானு."

எனக்கு முகத்தில் மாவு அடித்த மாதிரி இருந்தது. ஏனென்றால் செண்பகத்துக்கும் காது கேட்காது. சொல்ல மறந்துவிட்டேன். ஆனால் அது வேறு சார். செண்பகத்துக்கு இரண்டு வயதில் காய்ச்சல் வந்து காது போயிற்று. சொரிமுத்து வயிற்றில் இருக்கும்போது இவன் அம்மா மில்லுக்குள்ளேயே கிடந்தாள், அந்த இரைச்சலில் இவனுக்குப் போயிற்று. அதற்குக் காய்ச்சல் காரணம், இதற்கு இரைச்சல் காரணம். இதையெல்லாம் ஒரே முடிச்சாய்ப் போட முடியுமா?

அதைத்தான் சொன்னேன். அவள் கேட்கவில்லை. "அண்ணனுக்கு அடுத்து ஒரு பிள்ள பொறந்து செத்துச்சே, அதுக்கும் காது கேக்காதுன்னு அம்மா சொல்லிருக்கா" என்றாள்.

"சரி, நீ சொல்லுத கணக்குப்படியே வா. நாலில் ஒண்ணுதான? மூணு நல்லது. நாலு மூட்டைக்கு மூணு மூட்டை சுத்தமா இருந்தா எந்த வியாபாரியாவது வேண்டாம்பானா?"

"மூட்டை இல்லப்பா. ஆளு."

"ஆளுக்கு என்ன? சொரிமுத்து சோறு திங்கலையா? மில்லு ஓட்டலையா? அந்தச் சத்தத்துல வேற எவன் நாள் பூரா நிப்பான்? அவனுக்குன்னே ஆன வேல."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பாடத்தை வீட்டுக்குள்ள கொண்டாராத. அது பரீட்சைக்கு" என்று சொல்லிவிட்டுக் கைடை மூடினேன். நான் சொன்னது தப்பா சார்? பாடம் பாடமாக இருக்கவேண்டும்.

அதற்குப் பிறகுதான் ரெக்கார்டு நோட்டு விவகாரம். வம்சாவளி வரைபடம் வரைந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார் அவள் வாத்தியார். அவரவர் குடும்பத்தையே போடலாம் என்று சொன்னாராம். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் கோடு. நோட்டைப் பார்த்தால் எனக்கும் இவள் அம்மாவுக்கும் நடுவில் இரண்டு கோடு. என் அக்காளுக்கும் அத்தானுக்கும் நடுவில் இரண்டு கோடு. பள்ளிக்கூட மாதிரிப் படத்தில் மற்றவர்களுக்கு எல்லாம் ஒற்றைக் கோடுதான்.

"இது என்ன ரெண்டு கோடு?" என்று கேட்டேன்.

"சொந்தத்துக்குள்ள கட்டினா ரெட்டைக் கோடு போடணும்ப்பா."

எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பாருங்கள் சார், புத்தகம் எழுதினவனுக்குத் தெரிந்திருக்கிறது. அசலில் கட்டினால் ஒற்றைக் கோடு, எப்போது வேண்டுமானாலும் அறும். சொந்தத்தில் கட்டினால் இரட்டைக் கோடு. ஒன்று அறுந்தாலும் ஒன்று தாங்கும். இதை எங்கள் அப்பா சொன்னால் பழைய ஆள் என்று சிரிப்பார்கள். இதோ சர்க்கார் பாடத்திலேயே போட்டிருக்கிறது.

ஆனால் ஒன்று பொறுக்கவில்லை. சொரிமுத்துவின் கட்டத்தில் கருப்பு மை அடைத்திருந்தாள். செண்பகத்தின் வட்டத்தில் கருப்பு. செத்துப்போன சிசுவுக்குக்கூடக் கருப்பு. "குறை உள்ளவங்களைக் கருப்பாத்தான் போடணும்" என்கிறாள். சொந்த அண்ணன் முகத்தில் மை பூசுகிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சவரப் பிளேடை எடுத்துச் சொரிமுத்துவின் கட்டத்தைச் சுரண்டினேன். மை போகவில்லை. இன்னும் சுரண்டினேன். காகிதம் கிழிந்து கட்டம் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டது. சொரிமுத்து குனிந்து அந்த ஓட்டை வழியாக விரலை விட்டுப் பார்த்துச் சிரித்தான். அவனுக்கு என்ன தெரியும்?

அந்த ஓட்டையோடேதான் நோட்டைக் கொடுத்தாள். வேறு எழுத நேரம் இல்லை.

ரயில் இன்னும் வரக் காணோம். இவன் உங்கள் பேனா மூடியைப் பிடித்துக்கொண்டான் பாருங்கள். இருக்கட்டும் சார், கடிக்கமாட்டான்.

பரீட்சைக்கு முன்னால் நான் ஒரு வாக்குக் கொடுத்தேன். மறைக்கமாட்டேன். உயிரியலில் நூற்று எண்பதைத் தாண்டினால் மேலே படிக்கவைக்கிறேன் என்றேன். அவளுக்கு நர்ஸ் படிப்பில் ஆசை. ராப்பகலாகப் படித்தாள். நூற்றுத் தொண்ணூற்றொன்று வந்தது. நான் மில்லுக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலமே அக்காளும் அத்தானும் தாம்பாளத்தோடு வந்துவிட்டார்கள். முகூர்த்தம் குறிக்கவேண்டும் என்று. நான் என்ன செய்ய? உலகு உள்ளே இருந்து வந்தாள். "வாக்குக் குடுத்தீங்களேப்பா" என்றாள்.

"படிக்கவைக்க மாட்டேன்னு யாரு சொன்னா? குத்தாலிங்கம் படிக்கவைப்பான்."

"எனக்கு அத்தான்மேல கோவம் இல்ல அத்தை" என்று அக்காளிடம் சொன்னாள். "அவுங்க நல்லவுங்கதான். ஆனா வேண்டாம். செண்பகம் மைனிய நீங்க தெனம் பாக்கீங்கல்லா? இன்னொரு பிள்ளைக்கு அது வேணுமா?"

பெரியவர்கள் நடுவில் ஒரு பெண் பிள்ளை பேசுகிற பேச்சா அது? அக்காள் முகம் செத்துவிட்டது. நான் உள்ளே போய் ரெக்கார்டு நோட்டை எடுத்துவந்தேன். மார்க் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்தை விரித்து எல்லோருக்கும் காட்டினேன். "இந்தா பாரு, இவ கைப்பட வரைஞ்சது. வாத்தியார் கையெழுத்துப் போட்டிருக்காரு. சொந்தத்துக்கு ரெட்டைக் கோடு. படிச்ச பிள்ள வரைஞ்சிட்டு இப்ப இல்லங்கா" என்றேன். அத்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, ரெண்டு கோடுதான்" என்றார். எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"நான் சம்மதிக்க மாட்டேன்" என்றாள்.

என்ன செய்யலாம்? கத்திப் பிரயோசனம் இல்லை. அடிக்கு அஞ்சமாட்டாள், அது எனக்குத் தெரியும். நான் சொரிமுத்துவைப் பார்த்துக் கைகாட்டினேன்.

வந்தான். கைடு என் கையில் இல்லை, ஆனாலும் பழக்கம். எனக்குப் பக்கத்தில் வந்து, இருபத்திரண்டு வயசு ஆள், ஒடுங்கித் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"கேள்வியத் திரும்பக் கேக்கேன். சம்மதமா, இல்லியா?"

"இல்ல" என்றாள்.

ஒரு குட்டு.

"சம்மதமா?"

இரண்டாவது குட்டு. கொஞ்சம் பலமாக விழுந்துவிட்டது. அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதும் தலையை எடுக்கவில்லை, நல்ல பிள்ளை. கையை மூன்றாவது தடவை ஓங்கினேன். விழும்முன்னே சொல்லிவிட்டாள்.

"சரி."

அக்காள்கூடச் சொன்னாள், "ஏல, என்ன இது, அவனப் போட்டு" என்று. நான் சொன்னேன், "அக்கா, இது எங்க வீட்டுப் படிப்பு முறை. நூத்தித் தொண்ணூத்தொண்ணு சும்மா வரல்ல."

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. நர்ஸ் படிப்புக்கு அந்த வருஷம் சேர முடியவில்லை. அடுத்த வருஷம் இவன் வயிற்றில் வந்துவிட்டான். ஏழாம் மாதம் வளைகாப்புப் போட்டு வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஆள் இளைத்து, பேச்சுக் குறைந்து, கூடத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். பழைய நாளை நினைத்துக்கொண்டால் தெம்பு வரும் என்று நான் கைடை எடுத்துத் தூசி தட்டினேன். "உலகு, மறந்துட்டியா பாப்போம். பிளாஸ்மா சிதைவு என்றால் என்ன?"

என் முகத்தைப் பார்த்தாள். நிதானமாகச் சொன்னாள். "செல்லை உப்புக் கரைசலில் வைத்தால் உள்ளே இருக்கும் நீர் வெளியேறும். உள்ளே இருப்பது சுருங்கிச் சுவரை விட்டு விலகிவிடும். ஆனால் சுவர் அப்படியே இருக்கும். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றும் ஆகாததுபோல் தெரியும்."

ஒரு வார்த்தை பிசகவில்லை சார்! இரண்டு வருஷம் கழித்து! ஐந்துக்கு ஐந்து என்றேன். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

பிள்ளை பிறந்தபிறகு அவனோடு பேசத்தான் செய்தாள். பொய் சொல்லக்கூடாது. ஆராரோ பாடுவாள், காதோடு காதாக என்னமோ சொல்லுவாள். நாலாம் மாதம் ஒருநாள் நான் மில்லில் இருந்து சாப்பிட வருகிறேன். பிள்ளையைப் பாயில் சுவரைப் பார்க்கக் கிடத்தியிருக்கிறாள். அவன் தலைக்குப் பின்னால் உட்கார்ந்து பித்தளைத் தாம்பாளத்தைக் கரண்டியால் டங்டங்கென்று அடிக்கிறாள். தெருவில் போகிறவன் நின்று பார்க்கிறான். பிள்ளை பாவம், அதுபாட்டுக்கு விரலைச் சப்பிக்கொண்டு சுவரில் பல்லியைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது. மறுபடியும் அடிக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! "பச்சப் பிள்ளகிட்டயா ஒன் ஆங்காரத்தக் காட்டுத?" என்று தாம்பாளத்தைப் பிடுங்கினேன். கரண்டியைக் கீழே போட்டுவிட்டுத் தரையில் அப்படியே படுத்துவிட்டாள். சொரிமுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அழுதுகொண்டே அவனிடம் கையால் என்னமோ சொன்னாள். அவன் பிள்ளையைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டான். கொடுக்கவே மாட்டேன் என்றான்.

அன்றையிலிருந்து வாயைத் திறப்பதில்லை. எல்லாம் கை. அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்துகொண்டு பிள்ளையையும் ஊமை ஆக்கிவிடுவார்கள் போலிருக்கிறது. குத்தாலிங்கத்திடம் கேட்டால் அவனும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுகிறான். போன மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அவனும் இவளும். என்னவென்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. தடுப்பூசியாக இருக்கும்.

அப்பாடா, வந்துவிட்டது ரயில். என்ன சத்தம்! காதைக் கிழிக்கிறானே, இவ்வளவு பக்கத்தில் வந்தா ஊதுவான்? உங்கள் சிவப்புப் பேனா கீழே விழுந்துவிட்டது சார், இருங்கள் எடுத்துத் தருகிறேன். பஸ்ஸே திடுக்கிட்டுவிட்டது. முன் சீட்டுப் பெண்ணின் பிள்ளை எப்படி வீறிட்டு அழுகிறது! இவனைப் பாருங்கள். மூடியை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறான். இப்போது ரயில் நிழல் ஜன்னலில் ஓடுகிறதே, அதைப் பார்த்துத்தான் திரும்புகிறான். எதற்கும் அசையமாட்டான் சார். எங்கள் வம்சத்துத் தைரியம்.

என்ன சார், விரலைச் சொடுக்குகிறீர்கள்? அவன் திரும்பமாட்டான். விளையாட்டில் இருந்தால் அவனுக்கு உலகமே தெரியாது. மறுபடியும் எதற்குச் சொடுக்குகிறீர்கள்? விடுங்கள்.

இன்றைக்குத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்தவேண்டும், முறை அது. சொரிமுத்துதான் மடியில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆசாரி ஊசியை ஏற்றும்போது பிள்ளை கத்தும் பாருங்கள், மற்ற மாமன்மார்கள் பதறிவிடுவார்கள். பிள்ளை திமிறிவிடும், ஊசி கோணிவிடும். இவனுக்கு அந்தத் தொந்தரவு இல்லை. கத்தினாலும் இவனுக்குக் கேட்காது, அசையாமல் பிடித்துக்கொள்வான். எதை எதற்குக் கொடுக்கவேண்டும் என்று சாமிக்குத் தெரிந்திருக்கிறது. அரைப் பவுனில் கடுக்கன் செய்து வைத்திருக்கிறேன். ஜொலிக்கும்.

அதோ அவள் எழுந்து வருகிறாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கவேண்டும். பாருங்கள், என் முகத்தைப் பார்க்கிறாளா? உங்களைப் பார்க்கிறாள். உங்கள் மடியில் இருக்கிற பேப்பரைப் பார்க்கிறாள். பேசேன் உலகு, சார் உயிரியல் வாத்தியார்தான். ம்ஹூம்.

பிள்ளை அவளைப் பார்த்துவிட்டான். ஆகா, ஆகா, வேடிக்கையைப் பாருங்கள் சார்! என்னைத் திரும்பிப் பார்க்கிறான், அம்மாவைப் பார்க்கிறான், குட்டிக் கையை மடக்கித் தன் தலையில் ஒரு குட்டு. பார்த்தீர்களா? யார் சொல்லிக் கொடுத்தார்களோ, பத்து நாளாகப் பழகியிருக்கிறான். என்னைக் கண்டால் போதும், பிள்ளையாரைக் கும்பிடுகிற மாதிரி ஒரு குட்டு. தாத்தாவைச் சாமியாக நினைக்கிறான். அதோ, அவளும் பதிலுக்குக் குட்டிக்கொள்கிறாள். சொரிமுத்துவும் குட்டிக்கொள்கிறான். மூன்று பேருக்கும் ஒரே சிரிப்பு. இப்படி மூன்று பேரும் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

என்னிடம் மட்டும் ஒரு வார்த்தை கிடையாது. படிக்கவைத்தேன், கட்டிக்கொடுத்தேன், இரட்டைக் கோடாய்ப் போட்டுக் கொடுத்தேன். நான் என்ன தப்புச் செய்தேன், நீங்கள் நியாயமாகச் சொல்லுங்கள்.

ஏன் சார், பேப்பரை எல்லாம் மூடி வைத்துவிட்டீர்கள்?

நீங்களும் பேசமாட்டேன் என்கிறீர்களே.